வாத்தியார் காரின் ஹீட்டர்

"சாவி எங்கே? எங்கேதான் தொலைஞ்சுது அந்தச் சாவி?"

யாரிடமும் இல்லை, தன்னிடமே கத்திக்கொண்டிருந்தார் அத்தான். ஷெட்டின் ஆணிப் பலகையில் தொங்கிய சாவிகளை ஒரு கையால் தள்ளித் தள்ளித் தேடினார். இன்னொரு கையின்மேல், தோளில் துவண்டு கிடந்தாள் சிட்டு. எட்டு வயது மகள். வலது பக்க அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு முனகினாள். பிற்பகல் மணி மூன்று பத்து.

வாசலில் நின்றிருந்த நர்ஸுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பெண்டிக்ஸ்தான். எனக்குச் சந்தேகமே இல்ல. வெடிச்சுதுன்னா இந்த ஊர்ல யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஆம்புலன்ஸ்?"

"கணவாய்க்கு அந்தப் பக்கம் செக்போஸ்ட் கேட் வரைக்கும்தான் வருவானாம். இந்தப் பனியில மேல ஏற மாட்டேங்கறான். அஞ்சரைக்குக் கேட்டை மூடிடுவாங்க. அப்புறம் நாளைக்குக் காலையிலதான் திறப்பாங்க."

காலை வரை சிட்டு தாங்கமாட்டாள். அந்த நிமிஷம் அத்தானுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கை கடைசி ஆணியில் போய் நின்றது. சாவி கிடைத்தது. வாத்தியார் காரின் சாவி.

மேலே போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது யாரோ யாருக்கோ சொல்லி என் காதுக்கு வந்த சமாச்சாரம் இல்லை. அத்தான் என்றால் என் கூடப் பிறந்த அக்காவின் வீட்டுக்காரர். அவர் போலீஸில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் என் பீரோவில் இருக்கிறது. இதில் வரும் நேரங்களும் எண்களும் அதிலிருந்து எடுத்தவை. பேய், பிசாசு என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஆள் நான். சிரித்துக்கொண்டிருந்த ஆள் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அத்தானின் ஷெட்டில் அன்றைக்கு நான்கு வண்டிகள் நின்றன. அவருடைய சொந்த ஜீப்பின் இன்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வேனுக்குச் சக்கரமே இல்லை. இன்னொன்றில் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது. 'நாவிதன் தலை என்றைக்குமே சிரைக்காத தலை' என்பது மாதிரி, ஊர் வண்டியெல்லாம் ஓட வைக்கிறவருக்கு ஓட்ட வண்டியில்லை. ஓடுகிற நிலையில் இருந்தது வாத்தியார் கார் மட்டும்.

வாத்தியார் அதற்கு முந்தின மாதம் இறந்துபோனார். தங்கமான மனிதர் என்று ஊரே சொல்லும். தன் காரில் ஒருநாளும் தனியாகப் போகமாட்டார். வழியில் நடந்து போகிறவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார். "வாத்தியார் கார்ல ஏறினா டிக்கெட் கிடையாது, ஜலதோஷம் மட்டும் இலவசம்" என்று பசங்கள் கிண்டல் அடிப்பார்கள். ஏனென்று தெரியாது, அவர் காரில் வந்தவர்கள் மறுநாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். மலைக்காற்று என்று சொல்லிக்கொள்வார்கள்.

இரண்டு நாள் முன்னால் அவர் மகன் காரைக் கொண்டுவந்து விட்டான்.

"நல்ல விலைக்கு வித்துக் குடுங்கண்ணே. எந்தக் குறையும் இல்ல. ஹீட்டர் சூப்பரா வேலை செய்யும். அப்பா அதைத்தான் பெருமையா சொல்லுவார்."

அன்றைக்குக் காலையில்தான் அத்தான் பானெட்டைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு, கழுத்தைச் சொறிந்தார்.

ஹீட்டர் துண்டிக்கப்பட்டிருந்தது.

அத்தானுக்கு ரேடியேட்டரும் ஹீட்டரும்தான் தொழில். குடும்பத்தில் யார் சிக்கினாலும் பாடம் எடுத்துவிடுவார். எனக்கே பத்து தடவை எடுத்திருக்கிறார். "கார் ஹீட்டர்னா உள்ள கம்பி பழுக்கக் காய்ஞ்சு கிடக்கும்னு நினைச்சியா மாப்ள? அதெல்லாம் ஒண்ணுமில்ல. இன்ஜின் எரியுது. சும்மா விட்டா உருகிடும். அதனால அதைச் சுத்தித் தண்ணி ஓட விடறோம். தண்ணி சூட்டை வாங்கிட்டு முன்னாடி ரேடியேட்டருக்குப் போய் ஆறும். அந்தச் சுடுதண்ணியில கொஞ்சத்தை ரெண்டு ரப்பர் குழாய் வழியா டேஷ்போர்டுக்குப் பின்னாடி கொண்டு போறோம். அங்க கைக்கு அடக்கமா ஒரு குட்டி ரேடியேட்டர். ஹீட்டர் கோர்னு பேரு. அதும்மேல ஃபேன் காத்தை ஊதும். உனக்குக் கதகதப்பு, இன்ஜினுக்கும் கொஞ்சம் குளிர்ச்சி."

கடைசியில் விரலை ஆட்டிக்கொண்டு ஒன்று சொல்வார்:

"ஹீட்டர் சூட்டை உண்டாக்காது. திருடும். இந்தப் பக்கம் ஒண்ணு சூடாகணும்னா அந்தப் பக்கம் ஒண்ணு ஆறியே ஆகணும்."

வாத்தியார் காரில் அந்த இரண்டு ரப்பர் குழாய்களையும் ஹீட்டரிலிருந்து கழற்றி, நடுவில் ஒரு செம்புக் குழாயைச் செருகி, ஒன்றோடு ஒன்று சேர்த்துவிட்டிருந்தார்கள். கோர் ஒழுகினால் மெக்கானிக்குகள் செய்கிற குறுக்குவழி. கோரை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் பிரிக்கவேண்டும், இரண்டு நாள் வேலை. இது பத்து நிமிஷம். தண்ணீர் ஹீட்டர் பக்கமே போகாமல் அப்படியே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். வண்டி ஓடும். ஹீட்டர் செத்துவிடும்.

குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் துருவேறி ஒட்டிப்போயிருந்தன. குறைந்தது பத்து வருஷத் துரு.

அப்படியானால் வாத்தியார் பத்து குளிர்காலம் எப்படி ஓட்டினார்? மகன் சொன்ன 'சூப்பர் ஹீட்டர்' எது?

பையன் விற்பதற்காக அளக்கிறான் என்று அத்தான் விட்டுவிட்டார்.

இப்போது அதே காரின் பின் சீட்டில் சிட்டுவைப் படுக்கவைத்தார். ஹீட்டர் இல்லாத வண்டி, முப்பத்தெட்டு கிலோமீட்டர் பனி. ஸ்வெட்டருக்கு மேல் தன் ஜாக்கெட்டைப் போட்டார். அதன்மேல் இரண்டு போர்வை. கையில் கிடைத்த டெம்பரேச்சர் கன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். துப்பாக்கி மாதிரி இருக்கும். நீட்டி அமுக்கினால் எதிரில் இருப்பதன் சூட்டை எண்ணில் காட்டும். ரேடியேட்டர் குழாய்களைச் சோதிக்க வைத்திருப்பது. சிட்டுவின் நெற்றியில் காட்டினார்.

37.9.

"ஜுரம் இருக்கு. கிளம்புங்க, நிக்காதீங்க" என்றாள் நர்ஸ்.

மூன்று இருபத்திரண்டு. கார் கிளம்பியது.

போனில் அக்கா. அக்காவுக்கு மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"கிளம்பிட்டேன். நீ ஆம்புலன்ஸ்ல ஏறி கேட்டுக்கு வந்துடு."

"பாப்பா பேசறாளா?"

"பேசறா. நீ அழாத."

அதற்குப் பிறகு சிக்னல் போய்விட்டது.

முதல் பத்து கிலோமீட்டர் பரவாயில்லை. பனி நேராக விழுந்தது. கண்ணாடி துடைப்பான் 'சரக்... சரக்...' என்று தள்ளிக்கொண்டே இருந்தது. எதிரே ஒரு வண்டி இல்லை. டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல ஏறி, தொண்ணூறில் நின்றது. நல்ல இன்ஜின். அத்தான் ஸ்டீயரிங்கை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

மூன்று நாற்பத்தொன்று.

அவர் விரல்களில் கதகதப்பாக ஏதோ பட்டது.

டேஷ்போர்டின் காற்று ஜன்னல்களிலிருந்து இளஞ்சூடான காற்று வந்துகொண்டிருந்தது.

அத்தான் குனிந்து பார்த்தார். ஹீட்டர் திருகு 'ஆஃப்'பில் இருந்தது. ஃபேன் சுவிட்சும் 'ஆஃப்'. குழாய்களைக் காலையில் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"எங்கேயோ இன்ஜின் காத்து உள்ள வருது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். மகளுக்குக் குளிராது. அது போதும்.

ஆனால் மெக்கானிக் புத்தி சும்மா இருக்குமா? முள்ளைப் பார்த்தார். இந்தக் குளிரில் ஹீட்டர் வேலை செய்தால் இன்ஜின் சூடு ஒரு மயிரிழையாவது இறங்கவேண்டும். முள் தொண்ணூறிலேயே நின்றது. அசையவில்லை.

இன்ஜின் தன் சூட்டை யாருக்கும் கொடுக்கவில்லை.

கன்னை எடுத்து காற்று ஜன்னலில் காட்டினார்.

37.9.

சிரித்துவிட்டார். மகள் நெற்றியில் பார்த்த அதே எண். தற்செயல்.

"அப்பா... கதகதன்னு இருக்குப்பா" என்றாள் சிட்டு பின்னாலிருந்து. இவ்வளவு நேரத்தில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

"தூங்குடா கண்ணு. இதோ போயிடலாம்."

மூன்று ஐம்பத்தெட்டு. கையைப் பின்னால் நீட்டி அவள் நெற்றியில் கன்னைக் காட்டினார். 37.2. ஜுரம் இறங்குகிறது! அத்தானுக்கு உயிர் வந்தது. அதே கையால் காற்று ஜன்னலில் காட்டினார்.

37.2.

இந்த முறை சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தார். காற்று ஒரே சீராக வரவில்லை. வந்தது... நின்றது... வந்தது... நின்றது. ஃபேன் அப்படி ஊதாது. காற்றில் ஈரம் இருந்தது. முன்கண்ணாடியின் உள்பக்கம் வட்டமாக ஆவி படர்ந்தது, சுருங்கியது, மறுபடி படர்ந்தது. கண்ணாடிக்கு முகத்தைக் கொடுத்து யாரோ மூச்சு விடுவது போல.

அத்தான் காதைத் தீட்டினார். பின் சீட்டில் சிட்டுவின் மூச்சு கேட்டது. உள்ளே... வெளியே... உள்ளே... வெளியே...

காற்று அவள் மூச்சோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

நான்கு பத்து. நெற்றி 36.1. ஜன்னல் 36.1.

நான்கு பத்தொன்பது. நெற்றி 34.8.

ஜன்னல் 34.8.

"அப்பா, வேர்க்குது. எனக்குப் போர்வை வேணாம்."

அத்தான் திரும்பினார். போர்வைகள் கீழே கிடந்தன. ஜாக்கெட் கீழே கிடந்தது. சிட்டு ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். உதடு நீலம். நகம் நீலம். சிரித்துக்கொண்டே கழற்றினாள்.

பனியில் உறைந்து சாகிறவர்களுக்குக் கடைசி நேரத்தில் புழுங்குமாம். துணியைக் கழற்றிப் போடுவார்களாம். மலையில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும். அத்தானுக்கும் தெரியும்.

அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. அவருக்கு உண்மையிலேயே சூடாக இருந்தது. சுகமாக, இதமாக, முகத்துக்கு நேரே.

ஹீட்டர் சூட்டை உண்டாக்காது. திருடும்.

இன்ஜினிடமிருந்து திருடவில்லை என்றால்...

பிரேக். கார் வழுக்கிக்கொண்டே போய் நின்றது.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஃபேன் ஃபியூஸைப் பிடுங்கினார். காற்று வந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஃபேன் வயரை அறுத்தார். காற்று வந்தது. போர்வையைக் கிழித்து நான்கு காற்று ஜன்னல்களிலும் திணித்தார். துணி வெளியே புடைத்தது. உள்ளே ஒட்டியது. வெளியே புடைத்தது. உள்ளே ஒட்டியது.

கதவுகளைத் திறந்துவிட்டார். பனி உள்ளே கொட்டியது. சூடு போகவில்லை.

இன்ஜின் குழாயைப் பிரித்து ஹீட்டரில் மாட்டினால் என்ன? அது கேட்கிற சூட்டை இன்ஜின் கொடுத்துவிட்டுப் போகட்டுமே! பானெட்டைத் திறந்தார். துருப்பிடித்த கிளாம்ப் அசையவில்லை. உடைத்தால் கொதிக்கிற தண்ணீர் மொத்தமும் ரோட்டில் போய்விடும். தண்ணீர் இல்லாமல் இரண்டு கிலோமீட்டர்கூட இன்ஜின் தாங்காது. இன்னும் பதினெட்டு பாக்கி.

நான்கு முப்பத்தைந்து. நெற்றி 33.0.

மகளை வாரி எடுத்து முன் சீட்டில் போட்டார். எல்லாவற்றையும் அவள்மேல் சுற்றினார். வண்டியை எடுத்தார். பின் சீட் காலி. காற்று நின்றது.

நின்றேவிட்டது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். சிட்டுவின் நெற்றி 33.1. ஏறுகிறது!

மூன்றாவது நிமிஷம் காற்று திரும்ப வந்தது.

அது சிட்டுவின் மூச்சோடு சேரவில்லை.

அத்தானின் மூச்சோடு சேர்ந்தது.

முதலில் கால் விரல்கள் போயின. ஆக்ஸிலேட்டர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அப்புறம் கை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறோமா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு வளைவில் கார் விளிம்பு வரை போய், கல்லில் மோதித் திரும்பியது. தன் கையிலேயே கன்னைக் காட்டினார். 30.2. கண் சொக்கியது. ரொம்பச் சுகமாக இருந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றலாம் போல இருந்தது.

அப்போதுதான் வாத்தியார் நினைவுக்கு வந்தார்.

ஒருநாளும் தனியாகப் போகாத வாத்தியார். வழியில் போகிறவர்களையெல்லாம் வலிய ஏற்றிக்கொண்ட வாத்தியார். முந்தின மாதம் ஒரு மாலையில், ரோட்டில் யாருமே கிடைக்காமல், முதல்முறையாகத் தனியாகப் போன வாத்தியார். ஓடிக்கொண்டிருந்த காரில், டிரைவர் சீட்டில், பிணமாகக் கிடைத்த வாத்தியார். மாரடைப்பு என்றார்கள்.

அவர் மேல்சட்டை மடித்துப் பக்கத்து சீட்டில் இருந்ததாம். ஏனென்று யாருக்கும் புரியவில்லை.

அத்தான் மயங்கினால் சிட்டுவும் இல்லை.

நான்கு நாற்பத்தெட்டு. அடுத்து நடந்ததை அத்தான் எங்களிடம் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்கிறேன்.

ரோட்டோரம் ஒரு மனிதர் நின்றார். அறுபது வயது இருக்கும். நரைத்த தாடி, தடித்த கோட்டு. கையைக் காட்டினார். அத்தான் நிறுத்தினார். "கேட் வரைக்கும் வரலாமா தம்பி?" என்று கேட்டார். "ஏறுங்க பெரியவரே." ஏறினார். முன்னால் சிட்டு இருந்ததால் பின் சீட்டில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் வேறெதையும் யோசிக்கிற நிலையில் அத்தான் இல்லை. இரக்கம் மட்டும்தான்.

"பாப்பாவுக்கு என்ன?"

"வயித்து வலி. ஆபரேஷன் பண்ணணும்."

"ஒண்ணும் ஆகாது கண்ணு. தாத்தா இருக்கேன்ல." பின்னாலிருந்து கையை நீட்டி அவள் தலையைத் தடவினார். "வண்டி நல்லா இதமா இருக்கே தம்பி. எந்தக் கம்பெனி ஹீட்டர்?"

அத்தான் கன்னை எடுத்து காற்று ஜன்னலில் காட்டினார்.

36.4.

விரல்களில் உணர்ச்சி திரும்பியது. கால் திரும்பியது. கார் நேராக ஓடியது.

நான்கு ஐம்பத்தொன்பது. ஜன்னல் 33.6. சிட்டு 34.2.

"ஒரே புழுக்கமா இருக்கே" என்றார் பெரியவர். கோட்டைக் கழற்றும் சத்தம்.

ஐந்து ஆறு. ஜன்னல் 29.8. சிட்டு 35.0.

"தம்பி... கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு என்னவோ மாதிரி..."

"இதோ கேட் வந்துடும்."

ஐந்து பதினொன்று. ஜன்னல் 25.1.

பின்னால் 'டக்... டக்... டக்...' என்று ஒரு சத்தம். டிக்கியில் ஜாக்கி உருளுகிறது என்று நினைத்தாராம் அத்தான்.

டக்... டக்...

டக்...

ஐந்து பதினைந்து. சத்தம் நின்றது. பெரியவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தாராம்.

ஐந்து பத்தொன்பது.

ஜன்னல் 9.

4.

0.

ஐந்து இருபத்தொன்று. கேட்டின் சிவப்பு விளக்கு.

அக்கா ஓடிவந்தாள். சிட்டுவைத் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் கதவு மூடியது. கேட் காவலர் தன் கடமைக்குப் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தார். அடித்தவர் அப்படியே இரண்டடி பின்னால் போனார்.

"இவர் எப்போங்க செத்தாரு?"

பெரியவர் உட்கார்ந்தபடி இருந்தார். மேலே சட்டை இல்லை. புருவத்திலும் தாடியிலும் வெள்ளையாக உறைபனி. காருக்குள். வியர்வையில் நனைந்த சட்டையோடு அத்தான் உட்கார்ந்திருந்த அதே காருக்குள்.

டாக்டர் பார்த்தார். குளிரில் உறைந்து மரணம், ஏறும்போதே உயிர் ஊசலாடிக்கொண்டிருந்திருக்கும் என்று எழுதினார். வலது கை நகங்கள் ஒடிந்திருந்தன. மலை ஆள், கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

சிட்டு பிழைத்தாள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார் சர்ஜன்.

'மகளைக் காப்பாற்றப் போகும் வழியிலும் முதியவரைக் காப்பாற்ற முயன்ற மெக்கானிக்' என்று பேப்பரில் படத்தோடு வந்தது. பெரியவர் தனிக்கட்டை. அவருடைய தங்கை தேடிக்கொண்டு வந்து அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்க அண்ணனை அநாதையா ரோட்டுல சாக விடாம ஏத்திக்கிட்டீங்களே, நீங்க நல்லா இருக்கணும். அந்தக் குளிர்ல எங்க கிளம்பினாருன்னுதான் புரியல. அடுப்புல வச்ச தண்ணிகூட அப்படியே வத்திக் கிடந்துச்சு."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தோம்.

அந்த வாரமே டேஷ்போர்டைப் பிரித்தார். நான் கூட நின்றேன், டார்ச் பிடித்தேன். ஹீட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே கோரே இல்லை. யாரோ எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். வெறும் பெட்டி. கையை விட்டுப் பார்த்தேன். உள்சுவர் ஈரமாக, வழவழவென்று, இளஞ்சூடாக இருந்தது. கார் மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தது.

கையை உருவிக்கொண்டேன். அன்றைக்கே காரை உடைக்கக் கொடுத்துவிட்டார் அத்தான். வாத்தியார் மகனிடம் விலையைக் கையோடு எண்ணி வைத்துவிட்டார். நசுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

இது நடந்து பதினொரு வருஷம். குடும்பம் கூடுகிற இடமெல்லாம் யாராவது என்னைப் பிடித்து "அந்தக் கார் கதையைச் சொல்லுங்க" என்பார்கள். நானும் எண்களோடு, 'டக் டக்' சத்தத்தோடு சொல்லிவிடுவேன். அத்தான் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். போன மாதமும் அப்படித்தான். சொல்லி முடித்து, சாப்பிட்டுக் கை கழுவப் போனேன். பின்னாலேயே சிட்டு வந்து நின்றாள். பத்தொன்பது வயது. அவளுக்கும் அப்பாவுக்கும் பேச்சு ரொம்பக் குறைவு. வயசுக் கோளாறு என்றுதான் அக்கா சொல்வாள்.

"மாமா."

"என்னடி?"

"அந்தத் தாத்தா லிஃப்ட் கேக்கல."

குழாயை மூடினேன்.

"அவர் அவங்க வீட்டு வாசல்ல பனி அள்ளிட்டு இருந்தார். கன்னமெல்லாம் செவசெவன்னு, பாட்டுப் பாடிட்டு. அப்பாதான் போய்க் கூப்பிட்டார். முதல்ல அந்தத் துப்பாக்கியை அவர்மேல காட்டிப் பார்த்துட்டுக் கூப்பிட்டார்."

"என்னன்னு?"

"'பெரியவரே, பின்னாடி கனம் இல்லாம வண்டி வழுக்குது. பொண்ணு செத்துடுவா. கேட் வரைக்கும் வந்து பின் சீட்டுல உக்காருங்க, நானே திரும்பக் கொண்டு வந்து விட்டுடறேன்'னு அழுதார். தாத்தா மண்வெட்டியை அப்படியே போட்டுட்டு வந்தார், மாமா. வீட்டைக்கூடப் பூட்டல."

"நீ மயக்கத்துல இருந்தே. ஏதோ கனவு..."

"அப்புறம் அவருக்குப் புரிஞ்சுபோச்சு. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். அப்பாவோட தோளைப் பிடிச்சு ஆட்டினார். அப்பா திரும்பவே இல்ல. நீங்க சொல்றீங்களே, டக் டக்குன்னு... அது ஜாக்கி இல்ல, மாமா. கதவுக் கைப்பிடி."

"இழுத்தா திறந்திருக்குமே சிட்டு... திறந்து குதிச்சிருக்கலாமே..."

அவள் முகத்தில் அழுகை இல்லை.

"ஏறும்போது அப்பாதான் மரியாதையா கதவைத் திறந்து விட்டார். மூடறதுக்கு முன்னாடி குனிஞ்சு, கதவோட ஓரத்துல ஒரு சின்ன லீவரை விரலால கீழ தள்ளினார். அந்தப் பக்கக் கதவையும் திறந்து, அதே மாதிரி தள்ளி மூடினார். நான் முன் சீட்டுலேர்ந்து பார்த்துட்டே இருந்தேன். அப்போ என்னன்னு தெரியல. டிரைவிங் கிளாஸ்லதான் சொல்லிக் குடுத்தாங்க. அதைத் தள்ளிட்டா உள்ளேயிருந்து திறக்க முடியாதாம்."

ஈரக் கையைத் துடைக்க எனக்குத் துண்டை நீட்டினாள்.

"அதுக்கு சைல்டு லாக்னு பேரு, மாமா. என்னைப் பின்னாடி படுக்க வச்சப்ப அப்பா அதைப் போடல."